லூமி: இணையம் எட்டாத வகுப்பறைக்குக் கேள்வி கேட்கும் காணொளி

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பின் படுவான்கரையிலோ வாகரையிலோ, அம்பாறைப் பக்கம் திருக்கோவில், பொத்துவிலிலோ காணொளிப் பாடம் ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுபோக நினைக்கும் ஆசிரியருக்கு நாங்கள் முதலில் கைகாட்டும் இலவச மென்பொருள் லூமி. பாடம் செய்யும் மடிக்கணினியில் ஒருமுறை மட்டும் இணையம் வேண்டும். பாடம் ஓடும் கணினிக்கு அதுவும் தேவையில்லை, ஒரு பிரவுசர் இருந்தால் போதும். அதே நேரம், இந்தக் கருவி கையில் வந்ததும் பாடம் நல்லதாகிவிடாது. எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது, தமிழில் எங்கே சிக்குகிறது என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

லூமிக்கு அடிப்படை எச்5பி. நோர்வேயில் உருவான திறந்த மூல வடிவம் அது. காணொளியின் நடுவே கேள்வி வைப்பது, படத்தில் பெயர்களை இழுத்துப் பொருத்துவது, இடைவெளி நிரப்புவது போன்ற பல வகைப் பயிற்சிகளை அதில் செய்யலாம். இணையவழிப் பாடநெறிகளை நடத்த உதவும் மூடில் என்ற மென்பொருளில், 3.9 பதிப்பிலிருந்து எச்5பி ஒரு செயற்பாடாகவே உள்ளே இருக்கிறது. ஆனால் மூடிலுக்கு ஒரு சேர்வர் வேண்டும், மாணவர் ஒவ்வொருவருக்கும் கணக்கு வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இது சாதாரண விடயம். வெல்லாவெளியில் பத்துக் கணினியோடு இருக்கும் பாடசாலைக்கு அப்படியல்ல. அந்த இடத்தை நிரப்புவது லூமியின் டெஸ்க்டொப் பதிப்பு. எச்5பி பாடத்தை மடிக்கணினியிலேயே செய்து, பிரவுசரில் திறக்கும் தனி எச்.டி.எம்.எல். கோப்பாக வெளியே எடுத்து, பென் ட்ரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம்.

இதை எதைக் கொண்டு அளப்பது? பல்லூடகக் கற்றல் பற்றிய ஆய்வுகள் சில பத்தாண்டுகளாகச் சொல்லிவருவதைக் கொண்டுதான். ஆய்வாளர்கள் ரிச்சர்ட் மேயரும் போல் சாண்ட்லரும் 2001இல் மின்னல் உண்டாவதை விளக்கும் 140 விநாடி அசைபடம் ஒன்றை எடுத்தார்கள். ஒரு குழுவுக்கு அதை ஒரே ஓட்டமாகக் காட்டினார்கள். மற்றக் குழுவுக்கு 16 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பின் தாமே பொத்தானை அழுத்தித் தொடரவிட்டார்கள். படித்ததைப் புதிய சிக்கலுக்குப் பயன்படுத்தும் தேர்வில் துண்டுபோட்டுப் பார்த்தவர்கள் மேலாகச் செய்தார்கள். 2013இல் ஸ்புனார், கான், ஷாக்டர் ஆகியோர் 21 நிமிடப் புள்ளிவிபரவியல் விரிவுரை ஒன்றை நான்காகப் பிரித்து, இடையிடையே சிறு தேர்வு வைத்தார்கள். தேர்வு இருந்த குழுவில் மனம் வேறெங்கோ அலைவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுப்பது கூடியது, இறுதித் தேர்விலும் முன்னேற்றம் தெரிந்தது. காணொளியை மேலும் அழகாக்கியதால் வந்த பலன் அல்ல இது. நிறுத்தியதாலும் கேட்டதாலும் வந்தது. லூமி தரும் முக்கியமான இரண்டு வசதிகளும் அவையே. இந்த மென்பொருளை நாங்கள் மதிப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

உதாரணமாகச் சாதாரண தர விஞ்ஞானத்தில் இதயத்தின் ஊடான குருதிச் சுற்றோட்டத்தை எடுத்துக்கொள்வோம். யூடியூப்பில் தமிழ்க் காணொளிகள் நிறையவே உண்டு. பெரும்பாலானவை தமிழகப் பாடத்திட்டத்துக்குச் செய்தவை. ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்று போகும். எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் எழுதவேண்டியது சோணையறை, இதயவறை. அதனால் ஆசிரியரே தம் குரலில் 5, 6 நிமிடம் பதிவு செய்வதுதான் நல்லது. இயந்திரக் குரலைவிட மனிதக் குரலும், மேடைத் தமிழைவிட முன்னால் இருப்பவரோடு பேசும் நடையும் கற்றலுக்கு உதவுகின்றன என்று இதே ஆய்வுத் தொடர் காட்டியிருக்கிறது. வகுப்பில் 'இஞ்ச பாருங்க பிள்ளைகள்' என்று தொடங்குபவர் பதிவிலும் அப்படியே தொடங்கலாம்.

பதிவுக்கு ஓ.பி.எஸ். என்ற இலவசத் திரைப்பதிவு மென்பொருள் போதும். அளவு 1280×720. கோப்பு வகையை எம்.கே.வி. என்று வைத்துப் பதிவு செய்துவிட்டு, முடிந்ததும் அதே மென்பொருளின் 'ரீமக்ஸ்' வசதியால் எம்.பி.4 ஆக்கவும். பதிவின் நடுவில் கரன்ட் போனால் எம்.கே.வி.யில் அதுவரை பதிந்தது மிஞ்சும். வழமையான எம்.பி.4 கோப்பு திறக்கவே மறுக்கலாம். ஒலிவாங்கி வாயிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கட்டும். மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். படம் சற்று மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளிவில்லாவிட்டால் இரண்டாம் நிமிடத்திலேயே விட்டுவிடுவார்கள்.

லூமியைத் திறந்து புதிய பாடம் தொடங்கினால் பயிற்சி வகைகளின் பட்டியல் வரும். அதில் 'இன்டராக்டிவ் வீடியோ'வை இறக்கிக்கொள்ள வேண்டும். இணையம் தேவைப்படும் இடம் இதுதான். பிறகு மூன்று படி: காணொளியை ஏற்றுவது, கேள்விகளை நேரக்கோட்டில் வைப்பது, விரும்பினால் கடைசியில் தொகுப்புப் பயிற்சி. காணொளியை ஏற்றும் இடத்தில் யூடியூப் இணைப்பையும் ஒட்டலாம். ஆனால் அப்படி ஒட்டினால் காணொளி பாடக் கோப்புக்குள் வராது, வகுப்பில் இணையம் இல்லாவிட்டால் கறுப்புத் திரைதான். எம்.பி.4 கோப்பையே ஏற்றுங்கள்.

கேள்வி வைக்கும்போது 'போஸ் வீடியோ' என்ற பெட்டியில் சரி அடையாளம் இட மறந்தால் காணொளி நிற்காமல் ஓடும், கேள்விப் பொத்தான் சில விநாடி தோன்றி மறைந்துவிடும். புதிதாகச் செய்பவர்களின் பாடங்களில் அடிக்கடி காணும் குறை இது. கேள்வியைப் பொத்தானாகவும் காட்டலாம், திரையிலேயே விரிந்த அட்டையாகவும் காட்டலாம். புரொஜெக்டருக்கு அட்டை நல்லது. கைப்பேசியில் பார்ப்பதற்குப் பொத்தானே வேண்டும். அட்டை காணொளியோடு சேர்ந்து சுருங்கி எழுத்து வாசிக்க முடியாமல் போகும், பொத்தான் தட்டியதும் தனியாக விரியும். கடைசிக் கேள்வியைக் காணொளி முடியும் அதே விநாடியில் வைக்க வேண்டாம், இரண்டு மூன்று விநாடி முன்னால் வையுங்கள்.

இதில் மிகவும் பயனுள்ள வசதி 'அடாப்டிவிற்றி'. பிழையான விடை சொன்னால் காணொளியின் குறித்த நேரத்துக்குத் திருப்பி அனுப்பலாம். 'வலது இதயவறையிலிருந்து புறப்படும் நாடி கொண்டுபோவது ஒட்சிசன் கூடிய குருதியா, குறைந்ததா?' என்று கேளுங்கள். நாடி என்றாலே ஒட்சிசன் கூடிய குருதி என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கும். 'கூடியது' என்று சொன்னவரைக் குருதி சுவாசப்பைக்குப் போகும் காட்சி தொடங்கும் இடத்துக்கு அனுப்புங்கள். வெறும் 'பிழை' என்று காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் முழுப் புள்ளி எடுக்கும்வரை முன்னே விடாத கட்டுப்பாட்டைப் போடவேண்டாம் என்பது எங்கள் கருத்து. பல்தேர்வு வினாவில் நாலு விடை என்றால், நாலையும் தட்டிப் பார்த்துத் தாண்டிவிடுவார்கள், யோசனை நின்றுவிடும். ஒருமுறை திருப்பி அனுப்பி, பிறகு போகவிடலாம்.

கேள்விகள் எத்தனை? ஆறு நிமிடக் காணொளிக்கு மூன்று அல்லது நான்கு. ஒவ்வொன்றும் ஒரு கருத்து முடியும் இடத்தில். 30 விநாடிக்கு ஒரு கேள்வி என்று வைத்தால் கருத்துத் தொடர் அறுந்துபோகும். காணொளியில் அப்போதுதான் சொன்ன சொல்லைத் திரும்பக் கேட்பதும் வீண், அதற்கு விளங்கிக்கொள்ளத் தேவையில்லை.

இனித் தமிழ். கருவியின் அறிமுகக் குறிப்புகளில் இது எதுவும் இராது, ஆனால் நேரம் தின்பது இதுதான். ஆசிரியர்களிடம் இருக்கும் பழைய குறிப்புகளும் வினாத்தாள்களும் பெரும்பாலும் பாமினியில் தட்டியவை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டும் எழுத்துரு. அதை அப்படியே லூமியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத்தான் தெரியும். முதலில் யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும், மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் வாசிக்கவும் வேண்டும். கொ, கோ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டு குறியீடாகப் பிரிந்தும் வரலாம். பார்வைக்கு ஒன்றே. இடைவெளி நிரப்பும் பயிற்சியில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு அவை வேறு சொற்களாகப் படலாம். ஔகாரத்தை ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டுபவர்களாலும் இதே சிக்கல்தான்.

இடைவெளி நிரப்பலில் விடையை இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு இடையில் எழுத வேண்டும். சாய்கோடு போட்டு மாற்று விடை சேர்க்கலாம்: *குருதி/இரத்தம்* என்று எழுதினால் இரண்டும் சரி. முக்காற்புள்ளிக்குப் பின் வருவது மாணவருக்கான துப்பு. இதனால் ஒரு பொறி இருக்கிறது. மெண்டலின் விகிதத்தைக் கேட்டு *3:1* என்று எழுதினால் விடை 3, துப்பு 1 என்று கருவி எடுத்துக்கொள்ளும். விகிதம், பின்னம், திகதி விடையாக வரும் கேள்விகளைப் பல்தேர்வு வினாவாகவே செய்யுங்கள்.

'சிறு எழுத்துப் பிழையை ஏற்றுக்கொள்' என்ற தெரிவைத் தமிழில் திறக்கவே வேண்டாம். மூன்று முதல் ஒன்பது குறியீடு வரையான சொல்லில் ஒரு பிழையையும் அதற்கு மேற்பட்ட சொல்லில் இரண்டையும் அது மன்னிக்கும். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் வாழைக்கும் வாளைக்கும் ஒரே குறியீடுதான் வித்தியாசம். மரத்தைக் கேட்டால் மீனைச் சொன்னவருக்கும் புள்ளி விழும். மொழிப் பாட ஆசிரியர்கள் லகர, ளகர, ழகரப் பயிற்சி செய்யும்போது இதை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும். கணினி அறையில் தமிழ் விசைப்பலகை அமைக்காத கணினிகளே இருக்குமானால் தட்டச்சுப் பயிற்சியையே தவிர்த்து, சொல்லை இழுத்துப் பொருத்தும் வகையைப் பயன்படுத்துங்கள். விடை சரியா என்ற சோதனைக்குள் தட்டச்சுத் திறனையும் கலப்பது நியாயமல்ல.

'செக்', 'ரீட்ரை' போன்ற பொத்தான் பெயர்களைப் பாடத்தின் அடியில் உள்ள மொழிப் பெட்டியில் 'சரிபார்', 'மீண்டும் முயல்க' என்று மாற்றலாம். ஒருமுறை மாற்றிய பாடத்தை நகலெடுத்து அடுத்த பாடத்துக்கு அச்சாக வைத்தால் வேலை மிச்சம். காணொளிக்கு வசனவரி சேர்க்க விரும்பினால் நேரக் குறிப்போடு வசனங்களை எழுதிய வி.டி.டி. கோப்பு வேண்டும், அதை யு.டி.எப்-8 என்ற யுனிகோட் வடிவில் சேமிக்காவிட்டால் தமிழ் உடையும். பேசுவதையே முழுக்கத் திரையிலும் எழுதுவது தாய்மொழியில் கேட்பவருக்குச் சுமையைக் கூட்டும் என்பது மேயரின் முடிவுகளில் ஒன்று. ஆங்கில மொழிமூலம் படிக்கும் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நிலை வேறு. இரண்டாம் மொழியில் கேட்பவருக்கும், கலைச்சொல் புதிதாக இருப்பவருக்கும் எழுத்து துணைசெய்யும். செவிப்புலன் குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் வசனவரி கட்டாயம்.

கோப்பின் அளவைக் கணக்கிட்டுப் பழகுங்கள். விநாடிக்கு இத்தனை கிலோபிற் என்பதை மொத்த விநாடியால் பெருக்கி 8ஆல் வகுத்தால் கிலோபைற். படமும் ஒலியும் சேர்த்து 700 கிலோபிற், ஆறு நிமிடம் என்றால் ஏறத்தாழ 31.5 மெகாபைற். லூமி இதை ஒரே எச்.டி.எம்.எல். கோப்புக்குள் அடைக்கும்போது காணொளி எழுத்துவடிவக் குறியீடாக மாறும், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடி 42 மெகாபைற் ஆகும். அது தாங்கக்கூடியதே. 40 நிமிடப் பாடவேளை முழுவதையும் ஒரே காணொளியாக்கினால் 280 மெகாபைற், 2 ஜிகாபைற் ரம் உள்ள பழைய கணினி அதைத் திறக்கத் திணறும். நீண்ட காணொளிக்கு, ஒரு எச்.டி.எம்.எல்.லோடு ஊடகக் கோப்புகளைத் தனியாக வைக்கும் மற்ற ஏற்றுமதி முறையைத் தெரிவு செய்யுங்கள். அப்போது முழுக் கோப்புறையையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும். எச்.டி.எம்.எல்.லை மட்டும் பென் ட்ரைவில் போட்டால் காணொளி வராது.

காணொளியைச் சுருக்குவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் நல்லது. சுருக்கும் முறையில் எச்.264 வகையைத் தெரிவு செய்யுங்கள். சில கைப்பேசிகள் எச்.265இல் பதிகின்றன, பழைய பிரவுசரில் குரல் மட்டும் கேட்டுப் படம் வராமல் போவதற்கு இது ஒரு பொதுவான காரணம். பேச்சுக்கு மோனோ, 64 கிலோபிற் போதுமானது. விண்டோஸ் 7 உள்ள கணினிகளில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அங்கே பாடத்தை முன்கூட்டி ஓட்டிப் பாருங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் முயலவே வேண்டாம்.

வட்ஸ்அப்பில் எச்.டி.எம்.எல். கோப்பை அனுப்பினால் பல அன்ட்ரொய்ட் கைப்பேசிகள் அதை வேறொரு பார்வைச் செயலியில் திறக்கும், கேள்விகள் வேலைசெய்யாது. குரோமில் திறக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தனித்தனிக் கோப்புகளாக எடுத்த பாடம் இந்த வழிக்குச் சரிவராது, ஒரே கோப்பாக எடுத்ததைத்தான் அனுப்பலாம். வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகிப் படுவான்கரைப் பாதைகள் தண்ணீருக்குள் போகும் நாட்களை நினைத்து, இந்தப் பாடங்களைக் கார்த்திகைக்கு முன்பே வீடுகளுக்குக் கொடுத்து வைப்பது நல்லது.

ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் மட்டும் உள்ள வகுப்பில் எப்படி? கேள்வி வந்ததும் ஆசிரியர் உடனே விடையை அழுத்தக் கூடாது. அரை நிமிடம் விடுங்கள். ஒவ்வொருவரும் விடை எண்ணைக் கொப்பியில் எழுதட்டும், பிறகு கை உயர்த்தட்டும், பிரிந்த விடைகளைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும். அதன் பின் அழுத்துங்கள். இப்படிச் செய்தால் ஆறு நிமிடக் காணொளி 20 நிமிடத்துக்குக் குறையாமல் எடுக்கும், பாடவேளைத் திட்டத்தில் அதற்கு இடம் வைக்க வேண்டும். முதல் கையை உயர்த்தும் கெட்டிக்காரப் பிள்ளையின் விடையோடு நகர்ந்துவிட்டால் மற்ற முப்பது பேருக்கும் அது சாதாரணக் காணொளிதான்.

குறைகளில் பெரியது புள்ளிப் பதிவு. தனிக் கோப்பாக ஓடும் பாடத்தின் புள்ளி தானாக எவரிடமும் போய்ச் சேராது. யார் எந்தக் கேள்வியில் தடுக்கினார் என்று தெரியவேண்டுமானால் அதே எச்5பி கோப்பை மூடிலில் ஏற்ற வேண்டும், அங்கே ஒவ்வொரு முயற்சியும் பதிவாகும். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் மூடிலை நிறுவி வைபை மூலம் பகிரும் மூடில்பொக்ஸ் என்ற இலவசத் தொகுப்பும் உண்டு. கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியர் ஆர்வமுள்ளவர் என்றால் அது அடுத்த படி. இன்னொன்று: லூமி பாடத்தின் அழகைக் கட்டுப்படுத்தாது. பின்னணி இசை, ஆடும் எழுத்து, பாடத்தோடு ஒட்டாத படம் எல்லாவற்றையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். இவை கவனத்தைத் திருப்பிக் கற்றலைக் குறைக்கின்றன என்பது பல்லூடக ஆய்வில் திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. எவ்வளவு விரும்பிச் சேர்த்ததானாலும் வெட்டிவிடுங்கள்.

கல்வியியல் பட்டப்படிப்பிலும் கல்வியியற் கல்லூரியிலும் செயல்நிலை ஆய்வுக்காக இந்தக் கருவியை எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியது உண்டு. 'பல்லூடகத்தால் கற்பித்த வகுப்பு, கரும்பலகையில் கற்பித்த வகுப்பு' என்று இரண்டை ஒப்பிடும் தலைப்பை விட்டுவிடுங்கள். கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983இலேயே இதை எதிர்த்தார்: மளிகைச் சாமான் ஏற்றிவரும் லொறி நம் ஊட்டச்சத்தை மாற்றாதது போல ஊடகம் தானாகக் கற்றலை மாற்றாது என்பது அவர் வாதம். இன்னொரு ஆய்வாளரான ரொபர்ட் கொஸ்மா அதை மறுத்து, ஊடகத்தின் இயல்புகளைக் கற்பவர் பயன்படுத்தும் விதம் முக்கியம் என்றார். அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் உங்கள் ஒப்பீட்டில் ஆசிரியரின் ஆயத்தம், செலவிட்ட நேரம், கேள்விகளின் எண்ணிக்கை, புதுமையின் கவர்ச்சி எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தால் எது பலன் தந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

லூமி இதற்கு நல்ல வழி திறக்கிறது. ஒரே காணொளியை இரண்டு பதிப்பாக எடுங்கள். ஒன்றில் நான்கு இடங்களில் கேள்வி, மற்றதில் அதே நான்கு இடங்களில் அதே தகவலைச் சொல்லும் வாசகம். நிற்கும் நேரமும் உள்ளடக்கமும் சமம், விடை தேடி நினைவைக் கிளறுவது மட்டுமே வேறு. முன்தேர்வு, முடிந்த உடன் ஒரு தேர்வு, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. காணொளியில் வந்த கேள்விகளையே தேர்வில் போடாமல், புதிய சூழலில் அதே கருத்தைக் கேளுங்கள். 'பாடம் பிடித்ததா' என்ற வினாக்கொத்து விடைகளைக் கற்றலின் சான்றாக எழுத வேண்டாம், பிடிப்பதும் கற்பதும் பல வேளைகளில் சேர்ந்து போவதில்லை. காணொளி ஆறு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று மேற்கோள் காட்டுபவர்களும் கவனிக்க வேண்டும்: குவோவும் கிம்மும் ரூபினும் 2014இல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளப் பாடநெறிகளின் 69 இலட்சம் பார்வைப் பதிவுகளில் கண்டது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையே. எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. அக்கரைப்பற்றில் ஆசிரியர் முன்னால் அமர்ந்திருக்கும் தரம் 10 பிள்ளைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி.

வேலையை முடிக்கும்போது எச்5பி மூலக் கோப்பையும் தனியாகச் சேமித்து வையுங்கள். ஏற்றுமதியான எச்.டி.எம்.எல். பாடம் ஓட்டுவதற்கு மட்டுமே. பாடத்திட்டம் மாறினாலோ ஒரு விடையில் எழுத்துப் பிழை கண்டாலோ மூலக் கோப்பு இருந்தால் திருத்தம் ஐந்து நிமிடத்தில் முடியும், இல்லாவிட்டால் முழுப் பாடத்தையும் மறுபடி கட்ட வேண்டிவரும். பாடசாலைக் கணினியில் ஒரு பிரதி, ஆசிரியரிடம் ஒரு பிரதி, வலயத்தின் பாட ஆலோசகரிடம் ஒரு பிரதி. கோப்பின் பெயரில் தரமும் அலகும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும்.